இரத்தக் குழாயின் அகப்படலம்

இரத்தம் நம் உடலில் ஓரிடத்தில் தேங்கி நிற்பதில்லை. இதயத்திலிருந்து புறப்பட்டு, உடல் முழுதும் சுற்றி, மீண்டும் இதயத்தையே வந்தடைகிறது. இவ்வுண்மையை வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1628-ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார். ஆயினும் இரத்தம் தமனிகளிலிருந்து சிரைகளுக்கு எவ்வழியாகச் செல்கிறது என்பதை அவர் கண்ணால் காண இயலவில்லை. 1661-இல் மார்செல்லோ மால்பீகி என்னும் இத்தாலிய அறிஞர் தவளையின் நுரையீரலை நுண்பெருக்காடியின்கீழ் வைத்து நோக்கி, மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளைக் கண்டார். ஹார்வி வரைந்த வட்டம் அன்று நிறைவு பெற்றது. மாணவர்களே, இவ்வளவும் நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள்.

இங்கே ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. உண்ட பிறகு குடலுக்கு மிகுந்த இரத்தம் வேண்டும். ஓடும்போது கால் தசைகளுக்கு மிகுந்த இரத்தம் வேண்டும். நம் உடலில் இருப்பதோ ஏறத்தாழ 5 லிட்டர்தான். அதை இடமறிந்து, அளவறிந்து பங்கிடுவது யார்? ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் மதகைத் திறக்கவும் மூடவும் ஓர் ஆள் இருப்பார். எந்த வயல் காய்கிறது, எந்த வயலுக்குத் தண்ணீர் போதும் என்பதை அவர் அறிவார். உடலுக்குள் அப்பணியைச் செய்பவர் எவர்?

நரம்புகள் அப்பணியில் ஒரு பங்கு கொள்கின்றன. சுரப்பிகள் இரத்தத்தில் விடும் பொருள்களும் ஒரு பங்கு கொள்கின்றன. இவை நெடுநாளாக அறியப்பட்டவை. ஆனால், இரத்தக் குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் மிக மெல்லிய ஒரு படலம், ஓடும் இரத்தத்தின் வேகத்தைத் தானே உணர்ந்து, ஒரு பொருளைச் சுரந்து, குழாயைத் தளர்த்தி விரிவாக்குகிறது என்னும் செய்தி 1980-ஆம் ஆண்டிற்குப் பிறகே தெளிவாயிற்று. அப்படலத்தின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் தமனியின் அமைப்பைப் பார்ப்போம். தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆயது. வெளியடுக்கு நார்களால் ஆகிய உறை. நடுவடுக்கு வரியற்ற தசையால் ஆயது. கையையும் காலையும் அசைக்கும் தசைபோல இது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படுவதன்று. இத்தசை சுருங்கினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். உள்ளடுக்கின் முகப்பில், இரத்தம் நேரே தொட்டுச் செல்லும் இடத்தில், ஒற்றை வரிசையாக உயிரணுக்கள் தரையில் பாவிய கற்களைப்போல் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இவ்வரிசைக்கு 1865-இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்னும் அறிஞர் எண்டோதீலியம் என்று பெயரிட்டார். நாம் அதனை அகப்படலம் என்று வழங்குவோம்.

இப்படலத்தை நெடுங்காலம் எவரும் பெரிதாக எண்ணவில்லை. இரத்தம் உறையாமல் வழுக்கி ஓடுவதற்கு அமைந்த மெழுகுத் துணி போன்றதே இது என்று கருதினர். வேலை செய்வது நடுவிலுள்ள தசை. அகப்படலம் வெறும் போர்வை என்பதே பொதுக் கொள்கை.

குழாய் சிறிதளவு குறுகுவதும் விரிவதும் அத்துணைப் பெரிய செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்சூய் என்னும் பிரெஞ்சு மருத்துவர் மெல்லிய குழாய்களில் நீரைச் செலுத்தி ஒரு விதியைக் கண்டார். அழுத்தமும் குழாயின் நீளமும் மாறாதிருக்குமாயின், ஓடும் நீரின் அளவு குழாயின் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்பது அவ்விதி. கணக்கிட்டுப் பாருங்கள். ஆரம் பாதியாகக் குறைந்தால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்கே குறைந்தாலும், 100 பங்கு ஓடிய இடத்தில் 41 பங்குதான் ஓடும். இரத்தம் நீரினும் சிக்கலான திரவமாதலின் இக்கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் போக்கு இதுவே. ஆகவே குழாய் மயிரிழை அளவு தளர்வதும் சுருங்குவதும் உறுப்பின் வாழ்வையே தீர்மானிக்கும் செய்திகளாகும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். அசிட்டைல்கோலின் என்பது நரம்பு நுனிகள் சுரக்கும் ஒரு பொருள். இதனை உயிருள்ள விலங்கின் இரத்தத்தில் ஏற்றினால் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது தெரிந்திருந்தது. ராபர்ட் பர்ச்காட் என்னும் அமெரிக்க அறிஞர், முயலின் பெருந்தமனியை எடுத்து, திருகு சுருளாக நாடாப்போல் நறுக்கி, உப்புநீர்க் கரைசலில் தொங்கவிட்டு மருந்துகளைச் சோதித்து வந்தார். அந்த நாடாவின்மீது அசிட்டைல்கோலினை இட்டபோது அது தளரவில்லை, மாறாகச் சுருங்கியது. 1953-இல் இதனை அவர் எழுதி வெளியிட்டார். உடலுக்குள் விரிக்கும் பொருள் கண்ணாடிக் குடுவைக்குள் சுருக்குவானேன்? கால் நூற்றாண்டுக் காலம் இப்புதிர் அவிழவில்லை.

1978-ஆம் ஆண்டு மே மாதம். பர்ச்காட் அப்போது நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியிலுள்ள மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். அறுபத்திரண்டாம் வயதை நெருங்கிக் கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை நடந்தது. இம்முறை நாடாவுக்குப் பதிலாகத் தமனியை வளையங்களாக வெட்டியிருந்தனர். முதலில் ஒரு மருந்தால் வளையத்தைச் சுருங்கச் செய்து, அம்மருந்தைக் கழுவி நீக்கிய பின்னரே அசிட்டைல்கோலின் போன்ற மற்றொரு மருந்தை இட வேண்டும் என்பது திட்டம். உதவியாளர் கழுவுவதற்கு முன்பே இரண்டாம் மருந்தை இட்டுவிட்டார். சுருங்கியிருந்த வளையம் மேலும் சுருங்காமல் தளர்ந்தது!

திட்டம் பிழைத்தது என்று அத்தாளைக் கிழித்தெறிந்து மறுநாள் மீண்டும் தொடங்குவது எளிது. பர்ச்காட் அவ்வாறு செய்யவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக நாடா சுருங்கியது. இன்று வளையம் தளர்கிறது. இரண்டும் ஒரே முயலின் ஒரே தமனி. வேறுபாடு எங்கே உள்ளது? வெட்டும் திசையில் உள்ளதா? இழுக்கும் முறையில் உள்ளதா? ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிக்கொண்டே வந்தார். இறுதியில் விடை கிடைத்தது. நாடாவாக நறுக்கும்போது தமனியின் உட்புறம் விரலிலோ பிற பரப்புகளிலோ உரசுகிறது. அவ்வுரசலில் அகப்படலத்தின் உயிரணுக்கள் உதிர்ந்து விடுகின்றன. வளையமாக வெட்டும்போது உட்புறம் உரசுவதில்லை. உரசாமல் கவனமாக வெட்டினால் நாடாவும் தளர்ந்தது. வேண்டுமென்றே உட்புறத்தைத் தேய்த்தால் வளையமும் தளர மறுத்தது. வெள்ளி உப்பினால் சாயமேற்றி நுண்பெருக்காடியில் பார்த்தபோது, தேய்த்த இடங்களில் அகப்படல உயிரணுக்கள் இல்லாமை புலனாயிற்று.

அகப்படலம் தசையைத் தளர்த்துவது எவ்வாறு? தொட்டுத் தளர்த்துகிறதா, அல்லது ஏதேனும் ஒரு பொருளை விடுக்கிறதா? இதை அறிய அவர் செய்த சோதனை எளிமையானது. அகப்படலம் நீக்கிய ஒரு நாடாவை எடுத்தார், அது தளராது. அதன்மேல் அகப்படலம் உள்ள மற்றொரு நாடாவை, உட்புறமும் உட்புறமும் எதிரெதிரே அமையும்படி பொருத்தினார். இப்போது அசிட்டைல்கோலினை இட்டதும், தன் அகப்படலத்தை இழந்த நாடாவும் தளர்ந்தது. அண்டை வீட்டிலிருந்து வந்த உதவி அது. அகப்படலம் ஏதோ ஒரு பொருளை விடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 1980-இல் பர்ச்காட்டும் அவருடைய துணை ஆய்வாளர் சவாட்ஸ்கியும் இம்முடிவை 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டனர். பொருள் இன்னதென்று தெரியாததால், அகப்படலம் தரும் தளர்த்தும் காரணி என்றே அதனை அழைத்தனர்.

அக்காரணியைப் பிடிப்பது அரிதாயிருந்தது. சில நொடிகளில் அது மறைந்துவிடும். அதன் அடையாளம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அதற்கு நாம் இன்னும் நூற்றுமுப்பது ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

1847-இல் இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்னும் வேதியியலார் நைட்ரோகிளிசரின் என்னும் எண்ணெய் போன்ற திரவத்தை ஆக்கினார். அது கொடிய வெடிபொருள். அதில் ஒரு துளியை நாவில் வைத்தால் கடுமையான தலைவலி உண்டாவதையும் அவர் குறித்தார். தலையிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிவதே அவ்வலிக்குக் காரணம். ஆல்பிரட் நோபெல் என்னும் சுவீடன் நாட்டவர் இத்திரவத்தை ஒருவகை மண்ணில் ஊறவைத்து 1867-இல் டைனமைட்டுக்கு உரிமை பெற்றார். அதே ஆண்டில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் லாடர் பிரண்டன் என்னும் மருத்துவர், இதய நோயால் வரும் நெஞ்சுவலிக்கு அமைல் நைட்ரைட்டு என்னும் மருந்தை முகரச் செய்து பயன் கண்டதை வெளியிட்டார். 1879-இல் லண்டனில் வில்லியம் மரல் என்பவர் நைட்ரோகிளிசரினையே மிகச் சிறிய அளவில் நெஞ்சுவலிக்கு மருந்தாகத் தந்து வெற்றி பெற்றார். நோபெலின் முதுமையில் அவருக்கு இதய நோய் கண்டபோது மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தும் நைட்ரோகிளிசரினே. ஊழின் விளையாட்டைப் பாருங்கள் என்று 1896-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில் அவர் வியந்துரைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

ஒரு நூற்றாண்டு மருத்துவர்கள் அம்மருந்தைக் கொடுத்து வந்தனர். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை எவரும் அறியார். 1977-இல் அமெரிக்காவில் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் பெரிட் முராட் என்னும் அறிஞர், நைட்ரோகிளிசரினும் அதன் இனத்து மருந்துகளும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை விடுவிக்கின்றன, அவ்வாயுவே தசையைத் தளர்த்தும் வினையைத் தூண்டுகிறது என்று காட்டினார். ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த மிகச் சிறிய மூலக்கூறு அது. மின்னல் வெட்டும்போது காற்றில் உண்டாவது. மோட்டார் வண்டிகளின் புகையில் கலந்து வருவது. பல் பிடுங்கும்போது மயக்கத்துக்குத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

இப்போது இரண்டு கதைகளும் ஒன்றாகின்றன. இரத்தத்தின் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடைப் பற்றி அடக்கிவிடும். அகப்படலத்தின் காரணியையும் அவ்வாறே அடக்கிற்று. ஒன்று சில நொடிகளில் அழிவது, மற்றதும் அப்படியே. 1986-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் கூடிய அறிஞர் அவையில், பர்ச்காட்டும், கலிபோர்னியாவைச் சேர்ந்த லூயி இக்னாரோவும், தனித்தனியே ஆய்ந்து வந்து ஒரே முடிவைச் சொன்னார்கள். அகப்படலம் சுரக்கும் அந்தக் காரணி நைட்ரிக் ஆக்சைடே! 1987-இல் இக்னாரோவின் குழுவும், இங்கிலாந்தில் ஹோண்டுராஸ் நாட்டவரான சால்வடோர் மொன்காடாவின் குழுவும் சோதனைகளால் அதனை நிலைநாட்டின. வெடிமருந்திலிருந்து பெற்ற மருந்து செய்த வேலையை, நம் குழாய்களின் உட்புறம் நாள்தோறும் தானே செய்து கொண்டிருந்தது. 1998-இல் பர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. பரிசு நிறுவியவர் கடைசி நாளில் பெற்ற மருந்தின் மறைபொருளை விளக்கியவர்களுக்கே அவர் பெயரால் பரிசு கிடைத்தது. மொன்காடாவுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர் பலர் அப்போது கருத்துரைத்தனர் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

வினை நடக்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுவேன். நீங்கள் ஓடத் தொடங்குகிறீர்கள். இதயம் விரைகிறது, தமனியில் இரத்தம் வேகமாக அகப்படலத்தை உரசிச் செல்கிறது. அவ்வுரசலை அகப்படல உயிரணு உணர்கிறது. அதற்குள் இருக்கும் ஒரு நொதி தூண்டப்படுகிறது. அந்நொதி அர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரஜனையும், நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜனையும் இணைத்து நைட்ரிக் ஆக்சைடை ஆக்குகிறது. வாயுவாதலின் அதற்குக் கதவு வேண்டுவதில்லை. உயிரணுவின் சவ்வை ஊடுருவி அடுத்துள்ள தசை உயிரணுவுக்குள் புகுகிறது. அங்கே மற்றொரு நொதியைத் தூண்டிச் சுழல் ஜி.எம்.பி. என்னும் பொருளைப் பெருக்குகிறது. அதனால் தசைக்குள் சுருக்கத்தை உண்டாக்கும் கால்சியத்தின் அளவு குறைகிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, கால் தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. வேலை முடிந்த சில நொடிகளில் நைட்ரிக் ஆக்சைடு அழிந்துவிடுகிறது. மதகைத் திறந்தவர் மூடவும் மறப்பதில்லை.

அகப்படலம் சுரப்பது இஃதொன்றே அன்று. 1976-இல் இங்கிலாந்தில் மொன்காடாவும் ஜான் வேனும் உடனுழைத்தோரும் கண்ட புரோஸ்டாசைக்ளின், குழாயைத் தளர்த்துவதுடன் இரத்தத் தட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதையும் தடுக்கிறது. எதிர்வேலை செய்யும் பொருளும் உண்டு. 1988-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தார் எண்டோதீலின் என்னும் பொருளைக் கண்டனர். 21 அமினோ அமிலங்களால் ஆகிய அது குழாயை வலுவாகச் சுருக்குவது. தளர்த்துவதும் சுருக்குவதும் ஒரே படலத்தின் கையில் இருக்கின்றன. இவ்விரண்டின் சமநிலையே நலம்.

அச்சமநிலை குலைந்தால் என்ன நேரும் என்பதற்கு 1986-இல் வெளிவந்த ஒரு மருத்துவச் செய்தியைக் காட்டுவேன். அமெரிக்க மருத்துவர்கள் சிலர், இதயத்துக்கு இரத்தம் தரும் தமனிகளில் சிறிதளவு அசிட்டைல்கோலினைச் செலுத்திப் பார்த்தனர். நலமான தமனிகள் விரிந்தன. கொழுப்புப் படிந்து நோயுற்ற தமனிகளோ சுருங்கின. பர்ச்காட் தேய்த்த முயல் தமனி நினைவுக்கு வருகிறதன்றோ? குடுவையில் விரலின் உரசல் செய்ததை உடலில் நோய் செய்திருந்தது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மிகுந்த கொலஸ்ட்ரால், புகைபிடித்தல் ஆகியவை அகப்படலத்தைக் கெடுப்பன. அப்படலம் நைட்ரிக் ஆக்சைடைப் போதிய அளவு தராவிடில் குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது; தட்டுக்கள் சுவரில் ஒட்டும்; கொழுப்புப் படியும். மாரடைப்பு ஒருநாளில் வருவதாக நாம் எண்ணுகிறோம். அதன் தொடக்கம் பல்லாண்டுகட்கு முன்பே இங்கு நேர்ந்திருக்கும்.

இளைஞர்களாகிய நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. 1992-இல் லண்டன் மருத்துவர்கள் ஒரு சோதனை முறையை வெளியிட்டனர். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சில நிமிடங்கள் இறுகக் கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்துவர், பின் தளர்த்துவர். இரத்தம் வேகமாகப் பாயும்; அகப்படலம் நலமாயிருந்தால் கைத்தமனி விரியும். அவ்விரிவைக் கேளா ஒலியலைகளால் அளப்பர். 1993-இல் அவர்கள், நோய் எதுவும் தெரியாத இளம்வயதுப் புகைபிடிப்பவர்களை இவ்வாறு சோதித்தனர். அவர்களுடைய தமனிகள் குறைவாகவே விரிந்தன. மிகுதியாகப் புகைத்தவர்களிடம் குறைவு மிகுதியாயிருந்தது. பழக்கத்தை விட்டவர்களிடம் நிலை ஓரளவு திருந்தக் காணப்பட்டது. கெடுதி இளமையிலேயே தொடங்குகிறது. திருந்தவும் வழி உண்டு. நாள்தோறும் நடத்தல், ஓடுதல், விளையாடுதல் ஆகியவற்றால் இரத்தம் அகப்படலத்தை உரசி ஓட, அந்நொதியும் வளம் பெறுகிறது. விளையாட்டு வேளையைப் படிப்புக்கு எதிரி என்று எண்ணும் பெற்றோர் இதனைக் கேட்பாராக.

பிறந்த குழந்தைகட்கும் இக்கண்டுபிடிப்பு உயிர் கொடுத்திருக்கிறது. சில குழந்தைகளின் நுரையீரல் தமனிகள் பிறந்தபின்னும் விரியாமல் இறுகியே நிற்கும்; இரத்தம் ஆக்சிஜன் பெறாது; உடல் நீலம் பாரிக்கும். அத்தகைய குழந்தைகட்கு மிகச் சிறிய அளவில் நைட்ரிக் ஆக்சைடைக் காற்றோடு கலந்து சுவாசிக்கச் செய்யும் முறைக்கு 1999-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. வண்டிப் புகையில் நஞ்சாகக் கருதப்படும் வாயு, மருத்துவர் கையில் அளவோடு நின்று, மூச்சுத் திணறும் குழந்தையைச் சிவக்க வைக்கிறது.

முடிவாக, ஓர் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் செய்முறைத் தேர்வுக்கு வரும் குறிப்பேடுகள் மிகத் தூய்மையாக இருக்கின்றன. எல்லாருடைய விடையும் புத்தக விடையாகவே இருக்கிறது. ஊசலின் காலத்தை அளந்தவர் அனைவரும் ஒரே எண்ணைப் பெறுகின்றனர். இது எவ்வாறு நேர்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். புத்தக விடைக்கு ஒவ்வாத எண்ணை இரப்பரால் அழித்துவிட்டு, ஒவ்வும் எண்ணை எழுதுகிறோம். மதிப்பெண் வருகிறது. ஆனால், தமனியின் உட்புறத்தைத் தேய்த்துவிட்டுத் தசை தளரவில்லை என்று எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. விடை இருந்த இடத்தையே நம் விரல் துடைத்துவிடுகிறது.

பர்ச்காட்டின் உதவியாளர் வரிசை மாறி மருந்திட்டார். இட்டதை இட்டபடியும், கண்டதைக் கண்டபடியும் அவ்வாய்வுக்கூடம் எழுதி வைத்தது. பேராசிரியரும் சினந்து ஒதுக்காமல் ஏன் என்று கேட்டார். அதனால் ஒரு வாயில் திறந்தது. ஆகவே மாணவர்களே, உங்கள் சோதனையில் மாறான முடிவு வந்தால் அதனை அழிக்காதீர்கள். அளவையும் நாளையும் குறித்து, என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் எழுதி, ஆசிரியரிடம் கொண்டு செல்லுங்கள். பெரும்பாலும் அது கருவியின் கோளாறாகவோ கையின் பிழையாகவோ இருக்கும். அதையும் தேடிக் கண்டால் அதுவே ஒரு பாடம். ஆசிரிய நண்பர்களே, அத்தகைய குறிப்பேட்டைக் கொண்டுவரும் மாணவனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அவனோடு சேர்ந்து அந்தச் சோதனையை மறுபடியும் செய்து பாருங்கள்.